சிவந்துபோன நாற்பது பாட்டில்கள்

சித்தி வேலையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. வடிப்பு அறையின் சாவியை மேசைமேல் வைத்தாள், மேலங்கியைக் கழற்றி நான்காக மடித்தாள், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். அந்த ரசாயனக் கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் சித்திதான்.

பதினேழு வருடமாக அவள் தயாரித்தது ஒரே சரக்கு: குளோரோ அயடோ மீத்தேன். டைகுளோரோ மீத்தேனையும் சோடியம் அயடைடையும் கரைப்பானில் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிடுவாள். உப்பு அடியில் படியும். வடிகட்டித் தண்ணீரில் அலசினால், சரக்கு தண்ணீருக்குக் கீழே போய் உட்காரும், அவ்வளவு கனம். பிறகு காய்ச்சி வடிக்கும்போது நூற்றெட்டு, நூற்றொன்பது டிகிரியில் வருவதை மட்டும் பிடிப்பாள். முன்னே பின்னே வரும் சொட்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்.

அப்படிப் பிடித்தது பளிங்காக இருக்கும். ஆனால் வெளிச்சம் ஆகாது. பட்டால் அயோடின் பிரிந்து சிவந்துவிடும். அதனால்தான் பழுப்பு பாட்டில், உள்ளே விரல் நீளச் செம்புக் கம்பி. பிரிகிற அயோடினைக் கம்பி இழுத்துக்கொள்ளும்.

புதிதாக வந்த மேலாளருக்குக் கம்பி கண்ணை உறுத்தியது.

“சுத்தமான சரக்குக்குள்ள என்ன இது, குப்பை?”

“குப்பை இல்ல சார், காவல்.”

“வாங்க வர்றவங்க கண்ணால பாக்கணும்ல?”

கம்பிகளை எடுக்கச் சொல்லி, சரக்கை வெள்ளைக் கண்ணாடிக்கு மாற்றி, ஜன்னலோர அலமாரியில் கடை பரப்பினார். இரண்டே வாரத்தில் நாற்பது பாட்டிலும் சிவந்தன. உடனே ஒரு கடிதம் தட்டச்சாகி வந்தது: ‘வடித்ததில் என் கவனக்குறைவு.’ கீழே சித்தியின் கையெழுத்துக்கு இடம்.

“ஒரு கையெழுத்துதானே சித்தி. வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

“முதல்ல வெயிலைக் கூப்பிட்டு ஒண்ணு போடச் சொல்லுங்க சார். அப்புறம் நான் போடுறேன்.”

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் கையால் கம்பிகளை எடுத்துப் போட்ட, பாட்டில் நிரப்புகிறவர்கூடத் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேலாளருக்காக அல்ல, அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்துத்தான் அவள் சாவியை மேசைமேல் வைத்தாள்.

அவள் போடாத கையெழுத்தை மேலாளரே ஈடுகட்டினார். கோப்பில் ‘சரக்கைக் கெடுத்தவர்’ என்று குறித்து வைத்தார். அவள் வேலை கேட்டுப் போன மூன்று கூடங்களிலும் பழைய இடத்துக்கு ஒரு போன் பேசிவிட்டு, “பிறகு சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். கை சுத்தத்துக்குப் பேர்போனவள், சலவைக்கூடத்தில் துணிக்கு வெளுப்புத்தூள் கரைத்தாள்.

நான்கு வருடம் கழித்து, பழைய கூடத்திலிருந்து போனில் வந்து, சோப்புக் கையோடு அவள் திறந்து பார்த்த செய்தி இது:

“தங்கள்மீது பதிவான தவறு மறு ஆய்வில் உறுதியாகவில்லை. குறிப்பு நீக்கப்பட்டது. விருப்பமிருந்தால் புதியவராக விண்ணப்பிக்கலாம். முன் அனுபவம் கருத்தில் கொள்ளப்படாது.”