அம்மா பேசுவா

மகள் மூன்று டிக்கெட் எடுத்திருந்தாள். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலிருக்கும் பேரங்காடியில் காரை நிறுத்திவிட்டு அவளே சொன்னாள்.

“அவரும் வர்றாரும்மா. படம் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு, அப்புறம் நீங்க என்ன சொல்லணுமோ அவர் முகத்தப் பார்த்துச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லி அனுப்பாதீங்க.”

“நான் என்ன சொல்வேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்லா. அவருக்கும் நேர்ல தெரியட்டும்.”

அவள் ‘அவர்’ என்பது ஒரு யாழ்ப்பாணத்து இளைஞரை. ஊரில் ஒரு போராட்டத்தில் முன்வரிசையில் நின்றதற்காகத் தேடப்பட்டு, தப்பி வந்து, அகதி அட்டையோடு ஆயர் ஈத்தாமில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர். என் மகள் மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். சனிக்கிழமைகளில் அகதிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் இருவருக்கும் பழக்கம். இப்போது வேறொரு நாடு அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த மாதம் விமானம் ஏறுகிறார். அதற்கு முன் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும், பிறகு தானும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மகளின் ஆசை. அம்மா சரியென்று சொல்லாமல் மோதிரம் மாற்ற மாட்டேன் என்று சொன்னது அந்தப் பையன்தானாம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. மாதக்கணக்கில் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன காரணங்களைக் கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். ஒரே பிள்ளை. கணவர் இறந்த பிறகு வீட்டில் அவளும் நானும்தான். அவர் இந்து, நாங்கள் கத்தோலிக்கர். கையில் கடப்பிதழ்கூட இல்லாதவர். எல்லாம் உண்மை. ஆனால் என் கால்களைக் கட்டிப்போட்டிருந்தது அவற்றில் எதுவும் இல்லை. இப்படிக் காத்திருப்பவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள், போகும்போது திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒருவரை நான் அறிந்திருந்தேன். மகளுக்கு அது தெரியாது. அவளுடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் பயிற்சி முடித்து ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது அது. நான் அறிந்திருந்தவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடையின் மாடியறையில் இருந்தார். ஊரில் மாணவர் சங்கத்தில் இருந்தவர். இரண்டு பக்கமும் அவரைத் தேடின என்று மட்டும் சொன்னார். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் எங்கள் பள்ளியில் சும்மா வந்து சொல்லிக்கொடுத்தார். பையில் அடங்காத எதையும் வாங்க மாட்டார். ஒரு மழைநாளில் நான் குடை வாங்கிக் கொடுக்கப் போனபோது, “மடிக்கிற குடை எண்டா வாங்கித் தாங்கோ” என்றார். எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருந்த மனிதர் என்னோடு மட்டும் பேருந்து நிறுத்தத்தில் பேருந்துகளைத் தவறவிட்டுக்கொண்டு நின்றார்.

“இன்னும் கொஞ்சம் கதைப்பம்,” என்பார்.

“எங்களுக்குக் கதைக்கிறதுன்னா பொய் சொல்றது. கதை விடாதீங்க சார்,” என்பேன்.

அவர் சிரிப்பார். இப்படிச் சிரித்தே அந்த வருடம் போனது.

அப்பா துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். விஷயத்தைச் சொன்னபின் பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் மாலை செபமாலை முடிந்ததும் என்னை உட்காரச் சொல்லி நெடுநேரம் பேசினார். அவருடைய அக்காவின் கல்யாணத்தில் நடந்தது, சமயம் மாறினால் சொந்தக்காரர்கள் சொல்லப்போவது என்று எங்கெங்கோ போய்விட்டு, கடைசியில், “அந்தப் பையன வரச் சொல்லு. ஆள் எப்படின்னு பேசிப் பார்க்குறேன்,” என்றார். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் கீழே பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். மளிகைக் கடைக்காரர் அவரை மாடியிலிருந்து கூப்பிட்டு வந்தார். நான் அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த உரையாடலை நான் மறக்கவில்லை. அது மிகச் சின்ன உரையாடல்.

“அப்பா நேத்து பேசினாரு,” என்றேன்.

“நல்லாப் பேசினவரோ?”

“ரொம்ப நல்லாப் பேசினாரு. உங்ககிட்டயும் பேசணுமாம். வரச் சொன்னாரு.”

“நீங்கள் அழுறியளோ?”

“ஆமா.” சந்தோஷத்தில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“வேண்டாம்,” என்றார். “என்னால உங்களுக்குப் பேச்சு வேண்டாம்.”

பெட்டி காசு கேட்டுக் கீச்சிட்டது. கையில் காசு இல்லை. தொடர்பு அறுந்தது.

எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கல்யாணப் பேச்சு. இன்னாருக்குப் பேச்சு வந்திருக்கிறது, இன்னாருக்குப் பேச்சு முறிந்துவிட்டது என்பார்கள். வீடு தேடி வரச் சொல்லியும் பேச்சே வேண்டாம் என்கிறவரிடம் நான் என்ன கெஞ்சுவது? அவராக வரட்டும் என்று காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் மாடியறைக்குப் போனபோது, அகதி நேர்காணலுக்காகக் கோலாலம்பூர் போனவர் அங்கிருந்தே விமானம் ஏறிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார். அப்பா, அவர் வரும் நாளுக்கென்று தேய்த்து மாட்டியிருந்த தன் சட்டையை அலமாரிக்குள் வைத்தார். “கூப்பிட்டும் வராதவன விடு,” என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு நான் வேறு ஒருவரை மணந்தேன், நல்ல மனிதர். கொரோனா காலத்தில், அந்தப் பழைய மனிதர் போன நாட்டிலேயே இறந்துவிட்டார் என்று அந்தக் கடைக்காரரின் மகள் மூலம் காதில் விழுந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் அன்று வழக்கம்போலப் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தேன்.

திரையரங்க வாசலில் மகளின் ஆள் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். விரல்களில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தின் வாசனை.

“வணக்கம் அன்ரி. கச்சான் கொண்டு வந்தனான்.”

ஒரு கணம் அவர் மலாய் பேசுகிறார் என்று நினைத்தேன். வேர்க்கடலைக்கு அவர்கள் ஊரிலும் அதே சொல்தானாம்.

“உள்ள விடமாட்டாங்கலா,” என்று மகள் பொட்டலங்களைத் தன் கைப்பைக்குள் திணித்தாள். “பிடிச்சா அம்மாவோடதுன்னு சொல்லிடுவேன்.”

அவள் நடுவில் உட்கார்ந்தாள். எனக்கும் அவருக்கும் இடையே அவள் கொறிக்கும் சத்தம்.

படம் நாடு கடந்து போன ஒருவரைப் பற்றியது. அரசியலால் ஊரை விட்டு ஓடியவர், காதலித்த பெண்ணிடம் சொல்லாமல் போனவர், தலை நரைத்துத் திரும்பி வருகிறார். இதை ஏன் எனக்குக் காட்டுகிறாள் என்று எரிச்சலாக இருந்தது. வசனம் முழுக்க யாழ்ப்பாணத் தமிழ். கீழே வழக்கம்போல மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் ஓடின. தமிழ்ப் படத்துக்கு நான் அவற்றைப் படிப்பதில்லை. அன்று சில சொற்கள் பிடிபடாததால் கண் கீழே போய்வந்தது.

பழைய காலக் காட்சி. நூலகச் சுவரோரம் இரண்டு சைக்கிள்கள். பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்கிறாள்.

“நேரம் போட்டுது. நான் வாறன். அம்மா பேசுவா.”

கீழே மலாயில், ‘நந்தி மாக் மாரா’ என்று வந்தது. மாரா என்றால் கோபம். அம்மா திட்டுவாள்.

மொழிபெயர்த்தவர் தவறு செய்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிறவளுக்கு வருகிற எண்ணம். அடுத்த காட்சியில் அந்தப் பெண் வீட்டுக்குள் நுழைகிறாள், தாய் அகப்பையோடு நின்று திட்டித் தீர்க்கிறாள். மொழிபெயர்ப்பில் தவறில்லை.

அதற்கு மேல் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கிழவர்களாகச் சந்தித்துக்கொண்டார்கள், அரங்கில் யாரோ விசும்பினார்கள். நான் பொதுத் தொலைபேசியில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா நேத்து திட்டினாரு. நல்லாத் திட்டினவரோ? ரொம்ப நல்லாத் திட்டினாரு. உங்களையும் திட்டணுமாம், வரச் சொன்னாரு. நீங்கள் அழுறியளோ? ஆமா. வேண்டாம், என்னால நீங்கள் திட்டு வாங்க வேண்டாம்.

விளக்குகள் போட்டதும் மகள் என் முகத்தைப் பார்த்து, “படம் பிடிச்சிருந்துச்சு போல,” என்றாள்.

உணவுக்கடைகளின் நடுவே ஒரு மேசை கிடைத்தது. மகள் தேநீர் வாங்கி வந்து, மிச்சக் கச்சானைக் கொறித்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்திருந்தார்.

“தம்பி,” என்றேன், “உங்க ஊர்ல ‘அப்பா பேசினாரு’ன்னா என்ன அர்த்தம்?”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கவனமாகச் சொன்னார். “ஏசினவர் எண்டு அர்த்தம் அன்ரி. மேடையில பேசுறது வேற. கலியாணம் பேசுறதும் வேற. சும்மா ‘அப்பா பேசினவர்’ எண்டா ஏச்சுத்தான். மற்றது கதைக்கிறது.”

“இங்க நாங்க பேசுறதுன்னா…”

“இப்ப தெரியும். வந்த புதுசில தெரியாது.”

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். “முதல் தடவ கிளாஸ் முடிஞ்சு இவர்கிட்ட, ‘உங்ககிட்ட தனியாப் பேசணும்’னு சொன்னேன்மா. மனுஷன் அடுத்த வாரம் கிளாஸுக்கே வரல. அப்புறம் வாட்ஸ்அப்ல, ‘நான் என்ன பிழை விட்டனான்’னு மெசேஜ்.”

“நீங்க டீச்சர். நான் வீட்டுப்பாடம் செய்யேல்ல. வேற என்ன நினைக்கிறது?”

“பயந்தாங்கொள்ளி.”

“ஓம், பயந்தனான்தான்.”

அவர்கள் சிரித்தார்கள். நான் கோப்பையைத் தூக்கினேன், தேநீர் தட்டில் சிந்தியது. மகள் டிஷ்யூவை எடுத்துத் துடைத்தாள். எனக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பாள்.

உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அன்று தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர் இங்கே வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பேச்சுவழக்கு அவருக்குப் பழகியிருக்கும். ஆனால் வேறு சமயம், வேறு நாடு, கையில் ஒன்றுமில்லை. திட்டு விழும் என்று நாள்கணக்கில் எதிர்பார்த்து நின்றவர், எதிர்முனையில் அழுகையைக் கேட்கிறார். அந்த நேரத்தில் அவர் காதில் விழுந்தது எங்கள் தமிழா, அவருடைய அம்மாவின் தமிழா? கேட்க அவர் இல்லை. அந்தப் பையன் என்னைக் காப்பாற்றத்தான் வராமல் இருந்தான் அப்பா என்று சொல்ல அப்பாவும் இல்லை. இரண்டு ஆண்களும் மற்றவர் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக நம்பியே போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் நின்று சேதி கொண்டுபோனவள் நான். மிச்சமிருப்பவளும் நான்.

“அன்ரி,” என்றார் எதிரே இருந்தவர். “உங்களுக்கு விருப்பமில்லையெண்டா நேராச் சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்.”

மனப்பாடம் செய்து வைத்திருந்த மறுப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அதன் ஒவ்வொரு வரியும் இன்னும் உண்மைதான். அவருக்கு அங்கே வேலை கிடைக்குமா, இவள் போய்ச் சேர எத்தனை காலம் ஆகும், இவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்டேன். தெரியாது அன்ரி, தெரியாது அன்ரி என்றே சொன்னார். எதற்கும் இனிப்பாக ஒரு பதில் சொல்லவில்லை. அவர் போகத்தான் போகிறார். ஆனால் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்காதவர்கள் என்று சொல்லும் உரிமையை நான் இரண்டு மணி நேரத்துக்கு முன் இழந்திருந்தேன். அது இல்லாமல் என்னிடம் எஞ்சியிருந்தது பயம் மட்டும். பயத்தை மட்டும் வைத்து ஒரு பெண்ணை நிறுத்தி வைக்கலாமா?

“எனக்குப் பயமா இருக்கு தம்பி,” என்றேன். “அது போகாது. நீங்க போன பிறகும் இருக்கும், இவ போன பிறகும் இருக்கும். ஆனா நான் வேணாம்னு சொல்லல. போறதுக்கு முன்னாடி மோதிரம் மாத்திக்குங்க. புரியுதா?”

மகள் கொறிப்பதை நிறுத்தினாள்.

“விளங்குது அன்ரி.”

“என்ன விளங்குச்சு? சொல்லுங்க.”

“அம்மா,” என்றாள் மகள், “இது ஸ்கூலா?”

“நீ சும்மா இரு. தம்பி, நான் சொன்னத உங்க தமிழ்ல திருப்பிச் சொல்லுங்க.”

அவர் வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளையைப்போல நாற்காலியில் நிமிர்ந்தார்.

“உங்களுக்குப் பயமாம். ஆனா ஓமாம்.”

“ஓம்னா?”

“ஓம் எண்டா ஓம்தான் அன்ரி. ஆமாம்.”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்துக் கோயிலில் ஓதுவதைத் தவிர அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் வேறு ஏதாவது அர்த்தம் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று நிச்சயமானதும், இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.