தங்கைக்குக் கப்பல் பார்த்தேன்

தங்கையின் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அவளும் அவள் கணவரும் சொகுசுக் கப்பலில் போவதென்று முடிவானபோது, எந்தக் கப்பல், எந்த அறை என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம், பிள்ளைகளின் கவுன்சலிங் படிவம் என்று சொந்தக்காரர்கள் யாருக்கு எது வேண்டுமானாலும் என் கைபேசிதான் அடிக்கும்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கல்யாண நாளுக்குக் கப்பல்ல போவலாம்னு இவங்க சொல்றாங்க. நீ பாத்துச் சொன்னாதான் எனக்கு நிம்மதி."

எனக்குக் கப்பல் உறைக்கவில்லை. 'இவங்க சொல்றாங்க' என்பதுதான் உறைத்தது. என் கணவர் எந்தக் குறையும் சொல்ல முடியாத மனிதர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, அது போக பூவத்தில் எங்கள் நிலத்தில் சாகுபடி. ஆனால் எங்கேயாவது போகலாமா என்று ஒரு நாளும் அவராகக் கேட்டதில்லை. நாங்கள் சேர்ந்து போன பெரிய பயணம் திருப்பதி. அங்கே தரிசன வரிசையில் நின்றுகொண்டு, போனை வாங்கி வைப்பதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு மடையைத் திறந்தாயா என்று விசாரித்தவர் அவர். தங்கையின் கணவர் வருடா வருடம் மூணாறு, கோவா, அந்தமான் என்று ஏதாவது ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வருவார். படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும். நான் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டுவிட்டு, அன்றைக்குச் சமையலில் உப்பை மறப்பேன்.

பத்து நாட்கள் அந்தக் கப்பல் வேலையைப் பார்த்தேன். அவர்களுக்கு வசதியாக இரண்டு பயணங்கள் இருந்தன. ஒன்று சென்னையில் ஏறி திருகோணமலை வரை போய்த் திரும்புவது, மூன்று இரவு. இன்னொன்று இலங்கையின் கிழக்குக் கரையோரமாகவே இறங்கித் தெற்கே அம்பாந்தோட்டை வரை போய் வருவது, ஐந்து இரவு. கல்யாண நாள் ஆனி மாதக் கடைசி. அது இரண்டாவது பயணத்தின் நடுவில் விழுந்தது. எனவே அது முடிவாகிவிட்டது. அடுத்தது அறை.

கப்பலின் வரைபடத்தை அலுவலகத்தில் அச்செடுத்து, பைலுக்குள் வைத்துக்கொண்டு நேரம் கிடைக்கும்போதெல்லாம் பார்த்தேன். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில் விடிந்ததும் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். லிஃப்டை ஒட்டிய அறைகளில் ஆள் நடமாட்டம் ஓயாது. முன்னால் இருந்தால் அலையில் தூக்கிப் போடும், பின்னால் இருந்தால் இயந்திரம் அதிரும். போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் சைவம் எந்தப் பக்கம், ரசம் கிடைக்குமா என்பது வரை எனக்குத் தெரிந்தது. மனதுக்குள் அந்தக் கப்பலில் ஏறி, தளம் தளமாக நடந்து, ஏழாவது தளத்தில் ஒரு பால்கனி அறையின் கதவைத் திறந்து, நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து நாற்காலியில் யார் என்று யோசித்ததில்லை. யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு நாள் எதிர் மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் கப்பலில் போகப்போகிறீர்களா என்று கேட்டாள். தங்கைக்காகப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவள் கண்ணை அகலமாக விரித்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. மறுநாள் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. கண்காணிப்பாளர்கூட விடுப்பு எப்போது வேண்டும் என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே பயணம் ஒத்துக்கொள்ளாது. நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினாலே ஜன்னலோரம் கேட்பாள். கடலில் எப்படி இருக்கும் என்று அவளும் கவலைப்பட்டாள். எனக்குத் தெரிந்து கடலைப் பற்றிக் கேட்கக்கூடிய ஆள், கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள்தான். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆனியில தெக்கால போவப் போவ கச்சான் காத்து புடிச்சுக்கும். எம்மாம் பெரிய கப்பலா இருந்தாலும் ஆட்டத்தான் செய்யும். அடியில, நடுவாந்தரமா படுத்துக்கச் சொல்லுங்க. ஒசரத்துல ஏற வேணாம்."

நான் வாசித்ததும் அதேதான். அன்றைக்குச் சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். அவள் குரல் இறங்கிப்போனது. பால்கனி வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் கடல் இருக்க வேண்டும், கல்யாண நாள் அன்றைக்கு இருவரும் அங்கே உட்கார்ந்து சூரியன் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்றாள். போகிற வழியில் நம் ஊர் தெரியுமா என்றும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மேலே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அதோ நம்ம ஊர் என்று கணவருக்குக் கைநீட்டிக் காட்டுவாள். அந்த நேரத்தில் அந்த ஊருக்குள் நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன்.

"பால்கனியெல்லாம் ஒனக்குச் சரிப்படாது. கீழ நடுவுல ஜன்னல் இல்லாத ரூம்தான் இருக்கு. அதுல ஆடாது. தூங்கறதுக்குத்தானே ரூமு" என்றேன்.

அதே கீழ்த்தளத்தில், அதே நடுப்பகுதியில், கடலைப் பார்த்த ஜன்னலோடு அறைகள் இருந்தன. முன்பதிவு அலுவலகத்துப் பெண் எனக்கு அனுப்பிய பட்டியலில் அது மூன்றாவது வரி. தங்கைக்கு அனுப்பும்போது அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன்.

நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பதில் போட்டாள். அன்றைக்கே பதிவு செய்துவிட்டார்கள்.

கப்பல் கிளம்பிய மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் காரைக்கால் கடற்கரையில் இறங்கினேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் மேல் நின்று கிழக்கே பார்த்தேன். ஃபைபர் படகுகள் சில திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய கப்பல் கரைக்குத் தெரிகிற தூரத்தில் போகாது என்று எனக்குத் தெரியும். எனக்கே தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் கால் மணி நேரம் நின்றேன். அவள் இப்போது இருட்டு அறையில் இருப்பாள் என்று நினைத்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன். மதியத்துக்குள் அது கரைந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

திரும்பி வந்தவுடன் குழுவில் படங்கள் கொட்டின. தங்கை மேல்தளத்தில் துப்பட்டா பறக்க நிற்கிறாள். அவள் கணவர் கேக் வெட்டுகிறார். கீழே அவள் நீளமாக எழுதியிருந்தாள். தெற்கே போனதும் கப்பல் ஆடத் தொடங்கி, பால்கனி எடுத்தவர்கள் பலர் வாந்தியும் மயக்கமுமாகப் படுத்துவிட்டார்களாம். தனக்கு ஒன்றுமே ஆகவில்லையாம். 'எல்லாம் எங்கக்கா பாத்துச் சொன்ன ரூம்' என்று முடித்திருந்தாள். சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் என்று எல்லோரும் எனக்குக் கைதட்டல் போட்டார்கள். கெடுதல் நினைத்துச் செய்ததற்கு இப்படி ஒரு பாராட்டு. அதிலும் பொறாமைதான் வந்தது. நான் இருட்டில் தள்ளியும் அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டாள்.

ஆடியில் திருநள்ளாறு கோயிலுக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். ஆண்கள் இருவரும் வயலைப் பார்க்கப் போயிருந்தார்கள். தங்கை இலங்கைத் தேயிலைப் பொட்டலங்களை எடுத்து வைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். கப்பலில் எல்லாமே நன்றாக இருந்தது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. கல்யாண நாள் அன்னிக்கு முழிச்சுப் பாக்கறேன், கும்மிருட்டு. இன்னும் விடியலன்னு திரும்பிப் படுத்துட்டேன். அப்பறம் போனைப் பாத்தா மணி எட்டரை. அப்படியே உக்காந்து அழுதுட்டேன். இவங்க சமாதானம் பண்ணாங்க. பைத்தியக்காரத்தனம், இல்ல?"

அவள் சிரித்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் குறை சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். தன்னையே பைத்தியம் என்று சொல்லிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தத் தளத்துலயே ஜன்னல் வச்ச ரூம் இருந்துச்சு" என்றேன். "நான்தான் ஒனக்குச் சொல்லல."

"மறந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான்."

"ஏன்க்கா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே காரணம் தெரியாதவள் கேட்பது போலக் கேட்டாள்.

"பொறாமைதான். வேற என்ன."

அவள் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஏதாவது திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். எழுந்து போய்க் கொல்லையில் துவைகல் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் வந்ததும் சாதாரணமாகப் பேசி, எல்லோருக்கும் பரிமாறி, தானும் சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கார் கிளம்பும்போது என் கணவரிடம், "வர்றேன் அத்தான்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் போன் இல்லை. குழுவிலும் அவள் எதுவும் போடவில்லை. என் கணவர் இரண்டு தடவை என்ன சண்டை என்று கேட்டார். நடந்ததை அவரிடமும் சொன்னேன். அவர், "கப்பல்ல போவணும்னு ஒனக்கு இருந்துச்சுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். சொல்லியிருக்கலாம்தான். இருபத்தேழு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அவராகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தே பழகிவிட்டது.

அலுவலகத்தில் என்ன ஆனது உங்கள் பயணம் என்று விசாரித்தார்கள். போகவில்லை, அது என் தங்கைக்குப் பார்த்தது என்று சொன்னேன். எதிர் மேசைக்காரி பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. 'அடுத்த வருஷம் ஆவணியில திருகோணமலைக் கப்பல் இருக்கு. அத்தானால வர முடியுமான்னு கேட்டுச் சொல்லு. பாஸ்போர்ட்டுக்குப் போடுங்க. ரூம் நான் பாத்துக்கறேன்.'

ஆவணியில் குறுவைப் பயிர் கதிர் பிடித்திருக்கும். தண்ணீர் பார்க்க ஆள் போட்டால் நான்கு நாள் நகரலாம் என்று என் கணவர் கணக்குப் போட்டார். ஊராருக்கெல்லாம் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிய நான் முதன்முதலாக எனக்கு நிரப்பினேன். எந்த அறை என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. என்ன கொடுத்தாலும் அதில் போய்ப் படுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

சென்னைத் துறைமுகத்தில் அறை அட்டைகளை அவள்தான் வாங்கி வந்து என் கையில் ஒன்றைக் கொடுத்தாள். ஏழாவது தளம். பக்கத்துப் பக்கத்து அறைகள், இரண்டிலும் பால்கனி. திருகோணமலையோடு திரும்புவதால் அவ்வளவாக ஆடாது என்று விசாரித்திருந்தாள். நடுவில் ஆளுயரத் தடுப்பு. அறைக்குள் போனதும் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனேன். வரைபடத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல, தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. தங்கையின் கணவர் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து ஏதோ சொல்ல, அவள் சிரிக்கிறாள். அதே அறை, அதே கடல், அதே நாற்காலி எனக்கும் கிடைத்திருக்கிறது. இருந்தும் நெஞ்சில் அந்தப் பழைய சுருக்கு விழுந்தது. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. இது என்னோடுதான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்த்தார். அவருடைய போனில் சிக்னல் இல்லை. முந்தைய நாளிலிருந்தே வயலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ தண்ணி கெடக்கு" என்றார். "நம்ம வாய்க்காலுக்கு வர்றதுக்குத்தான் ஆயிரம் மனு போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"அக்கா, என்ன அப்படிச் சிரிக்கிற? அத்தான் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல, நீ டீயக் குடி" என்றேன்.