உரலில் குத்திய அரிசி

புதுவயலில் அரிசி மில் வைக்க ஆசைப்பட்டு, பாதி முதல் போடக் கூட்டாளி தேடிய நாட்கள் அவை. காரைக்குடியில், பர்மாவில் மில் நடத்தித் திரும்பிய செட்டியார் ஒருவர் இருந்தார். ஒல்லியான மேனி, பட்டையாய்த் திருநீறு. யார் எது சொன்னாலும் நாலு அரிசியை வாயில் போட்டு மென்றபடிதான் கேட்பார்.

பிள்ளையாரை வேண்டிக்கொண்டு போய், மில் எப்படியெல்லாம் ஓடும் என்று விவரித்தேன். மாதிரிக்குக் கொண்டுபோன அரிசியை நீட்டினேன். மென்றவர் சிரித்துவிட்டார்.

“மில்லுக்குக் கூட்டுக் கேட்டு வந்துட்டு, உரல்ல குத்துனதக் காட்டுறீகளே! யாரு குத்துனது?”

“வீட்டுல உள்ளவதான், அய்யா.” எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“மில்லு வந்தா அவுக உரல விட்டுருவாகளா? கேட்டீகளா?”

கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“கையெல்லாம் காய்ச்சுக் கெடக்கு. நான் மட்டுமா, தெருவே நெல்லு மூட்டையோட வந்து நிக்கும், போங்க!” என்றாள்.

மறுநாள் அதை அப்படியே செட்டியாரிடம் சொன்னேன்.

“அப்ப நானும் இருக்கேன்,” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பல வருஷம் மனக்கசப்பின்றிக் கூட்டாக இருந்தோம். புண்ணியவான். அன்று அவர் நம்பியது என்னையா, அவளையா? கடைசிவரை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.