பேஜாரு என்று பெயர் வைத்தவள்

டெய்சி இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் வண்டியோடு நின்றிருந்தேன். சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. கேட் திறந்ததும் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். எனக்கு நகரத் தோன்றவில்லை. அப்படி என்ன அவசரம் அவளுக்கு? கோபம்தான் முதலில் வந்தது.

எர்ணாவூரில் பழைய இயந்திரங்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தது உங்களில் பலருக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஒரு கிரேனின் போர்டு வந்தது. தூக்கிய இரும்பைக் கீழே போட்டுவிட்டதாக ஆபரேட்டர் மாணிக்கத்தை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். "நான் கையே வெக்கல மேடம். அது தானா வுடுது," என்று எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் பேச்சை யாரும் நம்பவில்லை. போர்டைச் செய்த கம்பெனியோ எப்போதோ மூடியாகிவிட்டது.

சிப்புக்குள் இருந்தவை வெறும் எண்கள். அவற்றை மனிதர் படிக்கும் அசெம்பிளிக் கட்டளைகளாகத் திருப்பினோம். கட்டளைகள் திரும்பி வரும். எழுதியவர் வைத்த பெயர்கள் வராது. எந்தப் பகுதி எதற்கு என்று நாமே கண்டுபிடித்துப் பெயர் வைக்க வேண்டும். நான் ஒழுங்காக ஆங்கிலத்தில் வைத்தேன். டெய்சி அதையெல்லாம் அடித்துவிட்டு 'புடி', 'தூக்கு', 'வுடு' என்று எழுதினாள். கேட்டால், "கிரேன் ஓட்றவன் பேசுற பேச்சுதாண்டி அதுக்கும் புரியும்," என்பாள்.

மதியங்களில் நான் வரிவரியாக வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். கடற்காற்றில் தாள்கள் படபடக்கும், எங்கோ கப்பல் ஊதும். யாரோ தூக்கத்தில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும். வாசித்துக்கொண்டே நான் தூங்கிப்போனதும் உண்டு.

ஒரு பகுதி மட்டும் பிடிபடவே இல்லை. அதற்கு 'பேஜாரு' என்று பெயர் வைத்தாள். ஒருநாள் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. டெய்சி கண்ணைத் திறந்து, "பேஜாரை மறுபடி படிடி," என்றாள். படித்தேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது முதலில் 'வுடு'வுக்குத்தான் போனது. கிரேனில் சுமை இருக்கிறதா என்று பார்த்தது அப்புறம்தான். "அந்தாளு பொய் சொல்லலடி," என்று அழுதுவிட்டாள். வரிசையை மாற்றிப் புது சிப்பில் ஏற்றினோம். மாணிக்கம் மறுபடி கிரேன் ஏறினார்.

டெய்சியை அடக்கம் செய்த அன்று ராயபுரம் கல்லறைத் தோட்டத்துக்கு அவரும் வந்திருந்தார். அந்தச் சிப்தான் இன்னும் ஓடுகிறதாம். "அக்கா வெச்ச பேரெல்லாம் அதுக்குள்ள கீதுங்களா மேடம்?" என்றார். பெயர்கள் உள்ளே போகாது, எல்லாம் மறுபடி எண்களாகிவிடும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப எங்கதான் கீது?"

"என்கிட்ட கீது," என்றேன்.