கறுப்புக் கரை போட்ட கடிதம்

டார்பி நகரத்துத் தொப்பிக் கடைக்காரர் ஆம்ப்ரோஸ் பிக்கெட்டுக்கு மகள் லெட்டிஸிடம் சொல்ல முடியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ‘வீட்டுக்கு வாம்மா’ என்பதுதான் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் பாத் நகரத்தில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினாள். "எவன் பிள்ளைக்கோ நீ பாடம் சொல்லித் தரணுமா? போ, போ! நானா உன்னைத் திரும்பக் கூப்பிட மாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார் மனுஷர். "நீங்க கூப்பிடாம நானும் வர மாட்டேன்" என்று அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பனும் மகளும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

ஆனால் கடிதத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தாரானால் நாலு பக்கம். மகன் ஹெர்பர்ட் மீசை வளர்க்கப் படும் பாடு, ஜெபவீட்டுப் பாட்டுக்குழுவில் நடக்கும் சண்டை, பூனை போட்ட குட்டி என்று ஒன்று விடமாட்டார். அந்த ஒரு வரியைத் தவிர.

"அதையும் எழுதித் தொலைங்களேன்" என்பாள் மனைவி சூசன்னா. "அவளுக்கே தோணணும்" என்பார் இவர். தோன்றாதா என்று ஒவ்வொரு வாரமும் தபால்காரனை எதிர்பார்த்து நிற்பதும் இவர்தான்.

அந்த வாரம் எழுதுவதற்கு அமோகமான விஷயம் இருந்தது. சனிக்கிழமை ஜெபவீட்டு ஆட்களெல்லாம் ரயிலேறி ஆற்றங்கரை ஊரான மாட்லாக்குக்கு உல்லாசப் பயணம் போய் வந்திருந்தார்கள். மேசையில் உட்கார்ந்து பார்த்தால் வெள்ளைத் தாள் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அலமாரியைக் குடைந்ததில், போன வருஷம் அவர் தங்கை இறந்தபோது வாங்கி மிச்சமான துக்கத் தாளும் உறையும் கிடைத்தன. சுற்றிலும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. அந்த மாதிரி உறையைக் கண்டால் தபால்காரன்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

ஆம்ப்ரோஸ் யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான், முதல் வரியிலேயே ‘பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை, வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அந்த வரியை உறைக்குள் போட்டு, அரக்கு வைத்து ஒட்டி, திங்கட்கிழமை காலையில் தபாலில் சேர்த்தார். என்ன புத்தி பாருங்கள்!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாவுக் கையோடு போய்த் திறந்தாள் சூசன்னா. தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, தொப்பியிலிருந்து முகத்தில் கறுப்பு வலை தொங்க நின்றாள் லெட்டிஸ். தாயைப் பார்த்தாள். "ஐயோ!" என்று வீறிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது கோலம்? யாரு செத்தா?"

"நீங்கதாம்மா!"

"நானா? யாரு சொன்னா?"

"அப்பா லெட்டர் போட்டிருந்தாரே, கறுப்பு உறையில! மேல விலாசம் அவர் கையெழுத்து. அப்போ அவர் உயிரோட இருக்கார். ஹெர்பர்ட் கல்லு மாதிரி இருக்கான். மிச்சம் யாரு? நீங்கதானே! பிரிச்சுப் படிக்கவே எனக்குத் தைரியம் வரல."

சூசன்னா மெல்லத் திரும்பினாள். கோபம் வந்தால்தான் அவள் வாயில் ‘மிஸ்டர்’ வரும். "மிஸ்டர் பிக்கெட்! என்னைப் பொதைச்சாச்சா, இல்ல இனிமேத்தானா?"

"முதல் வரியில எழுதியிருக்கேனே..." என்று பின்னால் வந்து நின்ற ஆம்ப்ரோஸ் முனகினார்.

மாடியிலிருந்து ஹெர்பர்ட்டும் ஓடி வந்தான். லெட்டிஸ் அங்கேயே உறையைக் கிழித்தாள். தாயின் கையை விடாமல் பிடித்தபடி சத்தமாகப் படித்தாள். அன்னப்பறவை வந்து அம்மாவின் பிளம் கேக்கைக் கொத்திக்கொண்டு போனதும், அதை விரட்டப் போதகர் துடுப்போடு எழுந்து நின்றதும், படகு ஆடி அவர் ஆற்றுக்குள் உட்கார்ந்ததும், தொப்பி தனியாக மிதந்து போனதும் வந்தன. ‘நம் கடைத் தொப்பி, உருக்குலையவே இல்லை’ என்ற இடத்தில் அவளால் மேலே படிக்க முடியவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். சூசன்னாவுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் லெட்டிஸ். "அடக்கத்துக்குன்னு நாலு நாள் லீவு குடுத்தாங்க. சாவே இல்லியே, பொய் சொல்லி எப்படி இருக்கறது? காலை ரயில்ல கிளம்பறேன்."

"அந்த வீட்டம்மாவுக்கு நடந்ததை எழுதிப் போடு. அவங்களும் சிரிப்பாங்க. நாலு நாளை வீணாக்கலாமா?" என்றார் ஆம்ப்ரோஸ், தரையைப் பார்த்து.

"அப்பா, என்னைக் கூப்பிடறீங்களா?"

"அதுதான் சொல்றேனே, லீவு வீணா..."

"கூப்பிடறீங்களா, இல்லியா?"

அவர் நிமிர்ந்தார். "கூப்பிடறேம்மா. ரெண்டு வருஷமா வாரத்துக்கு நாலு பக்கம் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

லெட்டிஸ் தொப்பி நாடாவை அவிழ்த்துத் தொப்பியை ஆணியில் மாட்டினாள்.