பில்டப்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு சீப்பு. மிகைப்படுத்திப் பேசுவதற்கு ஊரில் புழங்கும் 'பில்டப்' என்ற சொல்லிடம் அவரளவுக்கு வேலை வாங்கியவர் யாருமில்லை. பசை நெடியில் தலை சுற்றுகிறது என்றால், "பில்டப் குடுக்காத." காய்ச்சல் என்று லீவு கேட்டால், "இன்னா பில்டப்பு!"

ஒருநாள் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் பார்வையிட வந்தார். எங்கள் கம்பெனியில் மாஸ்க் என்று ஒன்று இருப்பதே அன்று காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பையர் பக்கத்தில் நிற்கும்போது, பசை பூசும் நசீமா அக்கா இருமினார். சூப்பர்வைசரே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, "மெதுவா குடிங்கம்மா" என்றார். இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்று பையரிடம் உருகினார்.

பையரின் கார் கேட்டைத் தாண்டியதும் மாஸ்க்குகளைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அக்கா மறுபடி இருமினார்.

"பையர்தான் போய்ட்டாரே, இன்னும் எதுக்கும்மா பில்டப்பு?"

கிண்டலோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த இருமலும் பையருக்காகச் செய்த ஏற்பாடு என்றே மனுஷன் நிஜமாக நம்பியிருந்தார்.