ஏலக்காய்ப் பெட்டியும் நீட்டிய கையும்

ஏலக்காய் ஏற்றுமதியில் காயைப் பறிப்பது சுலபம், கையெழுத்தைப் பறிப்பதுதான் கஷ்டம். மேசைக்கு மேசை அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் போடியில் ஒரு ஏலக்காய் முதலாளியிடம் சேர்ந்தேன். துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கைக் கப்பலேற்றுவது என் சோலி. "யாருக்கும் கவர் கொடுக்கக் கூடாது" என்பது அவர் போட்ட ஒரே சட்டம். அந்தக் கஷ்டத்திலும் எனக்கு வாய்த்த மனிதர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

நாற்பது பெட்டி

முதல் லோடு குவைத்துக்கு. துறைமுக அதிகாரி ஒருவர் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஏதாவது பாத்துச் செஞ்சா இப்பவே முடிச்சிரலாம். இல்லேன்னா நாப்பதையும் திறக்கணும்" என்றார். உப்புக்காற்று பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். அரபுக்காரர்களுக்குப் பச்சைதான் முக்கியம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம், வேலை போனால் திண்டாட்டம். இருந்தும் "திறங்க சார்" என்றேன். திறந்தார், நாளொன்றுக்குப் பத்துப் பெட்டி வீதம். கப்பல் போய்விட்டது.

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே முதலாளிக்கு டிரங்க் கால் போட்டேன். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "கப்பல் போனா இன்னொண்ணு வரும்ப்பா. நீ சாப்பிட்டியா?"

பதினோரு வரி

அந்த நாலு நாளும் துறைமுக அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த கமலாம்மா என்னைக் கவனித்திருக்கிறார். நான் பெட்டிகளுக்கு மறுபடி ஆணியடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் காகிதம், எத்தனை நகல், எந்த மேசைக்கு முதலில் என்று பதினோரு வரி. அடுத்த லோடுக்கு அதன்படியே அடுக்கிக்கொண்டு போனேன். அதே அதிகாரி மூன்று தடவை புரட்டினார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நன்றி சொல்லப் போனேன். கமலாம்மா டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எனக்கு எதுக்கு தம்பி நன்றி? ஒரு ஆளாவது குடுக்காமப் போறதைப் பாக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

தரகர் வீட்டுக் கல்யாணம்

எண்பதுகளில் துபாய் வியாபாரி ஒருவருக்காகச் சரக்குப் பிடிக்கும் தரகர் வந்தார். முதலாளி அவரை ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்துக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். காயை முகர்ந்து பார்த்த தரகர், "விலையைக் கூட்டிப் போடுங்க. கூட்டினது எனக்கு. துபாய்க்காரருக்குத் தெரியவா போகுது?" என்றார். "நமக்குத் தெரியுமே" என்று சொல்லி, வயிறாரச் சோறு போட்டு அனுப்பிவைத்தார் முதலாளி. ஆர்டர் வேறு ஆளுக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் பாதி போனஸ்தான்.

மறு வருஷம் தரகரே பஸ் பிடித்து வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஐந்து கிலோ வேண்டுமாம். "போன வருஷம் வாங்கின இடத்துல வாங்கலையா?" என்று கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்: "அது வியாபாரம்யா. இது என் வீட்டு விசேஷம், நல்ல காயா இருக்க வேணாமா?"

லஞ்சம் கொடுக்காமல் இத்தனை வருஷம் ஏலக்காய் அனுப்பியதில், எந்த அலுவலகத்தில் எந்த பெஞ்சு காத்திருக்க வசதி என்பதும், அதில் நகர்ந்து இடம் கொடுத்த நல்லவர்கள் யார் யார் என்பதும் எனக்கு மனப்பாடம்.